ஆப்பிரிக்கக் கம்பும் ஐந்தாண்டுப் பணமும்

நம் பாட்டிமார் மோர் விட்டுக் கரைத்துத் தந்த கம்பங்கூழுக்குப் பூர்வீகம் ஆப்பிரிக்கா என்றால் எத்தனை பேர் நம்புவார்கள்? உண்மை அதுதான். கம்பு சகாராப் பாலைவனத்தின் தென் ஓரத்திலும், சோளம் சூடான் பக்கத்திலும் முதலில் பயிராகி, மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இந்தியா வந்து சேர்ந்தவை.

நான் விவசாய நிபுணன் அல்லன். ரயில்வேயில் தண்டவாளமும் பாலமும் பார்த்து ஓய்வு பெற்றவன். ஆனால் செகந்தராபாத்தில் குடியிருப்பவனுக்குப் பட்டான்செரு அப்படி ஒன்றும் தூரமில்லை. வறண்ட நிலப் பயிர்களுக்காக 1972-இல் அங்கே தொடங்கிய 'இக்ரிசாட்' என்ற சர்வதேச ஆராய்ச்சி நிலையம் நைஜர், மாலி, கென்யா, ஜிம்பாப்வே ஆகிய நாடுகளிலும் வேலை செய்கிறது. அதைப் பற்றிப் படிக்கத் தொடங்கியதில்தான் இந்தக் கட்டுரை பிறந்தது.

சகாராவுக்குத் தெற்கே உள்ள விளைநிலத்தில் ஏறக்குறைய 95 சதவீதம் மானாவாரி. நைஜர் போன்ற நாட்டில் மழைக்காலமே மூன்று மாதம்தான். அது எப்போது தொடங்கும், எப்போது நிற்கும் என்ற நிச்சயம் குறைந்துகொண்டே வருகிறது. முதல் மழையை நம்பி விதைத்த பின் இரண்டு வாரம் காய்ந்தால் முளை கருகிவிடும். மறுபடி விதைக்க வீட்டில் வைத்திருக்கும் தானியத்தை எடுக்க வேண்டும். அதுவும் கருகினால்? உலகம் வெளியிடும் கரிப்புகையில் ஆப்பிரிக்கக் கண்டத்தின் பங்கு சுமார் 4 சதவீதம்தான் என்பதையும் இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும்.

இதற்கு ஒரு வழி, சீக்கிரம் விளையும் ரகம். பட்டான்செருவில் உருவான கம்பு விதைகளிலிருந்து தேர்ந்தெடுத்த 'ஒகஷானா-1' என்ற ரகத்தை நமீபியா, தான் விடுதலை பெற்ற 1990-ஆம் ஆண்டிலேயே வெளியிட்டது. உள்ளூர் ரகங்களைவிட நான்கு முதல் ஆறு வாரம் முன்னதாக அறுவடைக்கு வரும். பத்தாண்டுக்குள் அந்நாட்டுக் கம்புப் பரப்பில் ஏறக்குறைய பாதியில் அதுதான் நின்றது.

இப்படி ஒரு ரகத்தை உருவாக்க எத்தனை காலம் ஆகும்? ஒட்டுச் சேர்த்து, தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி, பல ஊர்களில் பல பருவம் விதைத்துப் பார்த்து, விதை பெருக்கி விவசாயி கையில் கொடுக்கப் பத்து, பதினைந்து ஆண்டு ஓடிவிடும். வறட்சியைத் தாங்குமா என்று அறிய, சோதனை வயல் இருக்கும் ஊரில் வறட்சி வர வேண்டும். அதற்கு ஆர்டர் போட முடியாது. ரயில் பாலத் தூண்களில் அதிகபட்ச வெள்ள மட்டம் என்று ஒரு கோடு போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கோட்டுக்குப் பின்னால் பல பத்தாண்டுப் பதிவேடு இருக்கும். நடுவில் நாலு வருஷம் பதிவு இல்லையென்றால், பெரிய வெள்ளம் அந்த நாலில்தான் வந்ததோ என்னவோ, யார் கண்டது!

பணமோ பெரும்பாலும் மூன்றாண்டு, ஐந்தாண்டுத் திட்டமாகத்தான் வருகிறது. 2006-இல் கனடாவும் பிரிட்டனும் சேர்ந்து, பருவநிலை மாற்றத்துக்கு ஆப்பிரிக்கா ஈடுகொடுக்க உதவும் ஆராய்ச்சிக்கென்று ஒரு திட்டம் தொடங்கின. எனக்கு மிகவும் பிடித்தது அதில் மேற்குக் கென்யாவில் நடந்த வேலை. அங்கே ஙன்யி என்ற குலத்தார் மரம் துளிர்ப்பது, பூச்சி, பறவை, காற்று இவற்றைப் பார்த்து மழைக் குறி சொல்பவர்கள். அவர்களையும் வானிலை விஞ்ஞானிகளையும் பருவத்துக்கு முன் ஒன்றாக உட்கார வைத்து, இரு தரப்பும் ஒப்புக்கொண்ட கணிப்பை ஊருக்குச் சொன்னார்கள். ஊரார் நம்பும் வாயிலிருந்து வந்தால்தானே விதைப்பார்கள்! அந்தத் திட்டம் 2012-இல் முடிந்தது.

முடிவது ஒரு ரகம், அறுபடுவது இன்னொரு ரகம். எத்தியோப்பியப் பஞ்சத்துக்குப் பின் 1985-இல் அமெரிக்கா நிறுவிய பஞ்ச முன்னெச்சரிக்கை அமைப்பு, 2025 ஜனவரியில் உதவிப்பணம் நிறுத்தப்பட்டதும் திடீரென்று வாய் மூடியது. பின்னர் அது திரும்பி வந்தாலும், இடையில் விட்டுப்போன மாதங்கள் விட்டுப்போனவைதான். அந்த ஆண்டுத் தொடக்கத்திலேயே, அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் ஆப்பிரிக்க ஆய்வாளர்களோடு நடத்திவந்த பயிர் ஆராய்ச்சித் திட்டங்களில் பெரும்பாலானவை ரத்தாயின. வயலில் நிற்கும் சோதனைப் பயிருக்குக் கடிதம் படிக்கத் தெரியாது. பராமரிப்பு ஆளை நிறுத்தினால், பல தலைமுறையாகப் பிரித்து வைத்த விதை ஒன்றோடொன்று கலந்து போகும்.

பிறர் தயவில் ஏன் இருக்க வேண்டும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பட்ஜெட்டில் 10 சதவீதத்தை விவசாயத்துக்கு ஒதுக்குவோம் என்று ஆப்பிரிக்க நாடுகள் 2003-இல் மபூட்டோ நகரில் உறுதி எடுத்தன. எட்டியவை சிலவே. விவசாய வருமானத்தில் 1 சதவீதமாவது ஆராய்ச்சிக்கு என்பது இன்னொரு இலக்கு. 2014-இல் அதில் பாதிகூட வரவில்லை. அரசுகள் மீது எனக்குக் கோபம்தான். ஆனால் கடன் வட்டி கட்டவே மூச்சுத் திணறும் கஜானா என்பதும் தெரிகிறது.

அங்கே போடும் பணத்தைத் தர்மக் கணக்கில் எழுதுவதும் சரியல்ல. மேற்கு ஆப்பிரிக்காவில் டோகோ என்று ஒரு சின்ன நாடு. அதன் வடபகுதிக் கம்பிலிருந்து பட்டான்செருவில் பொறுக்கிய ரகம் 1988-இல் மகாராஷ்டிரத்தில் வெளியானது. அதிலிருந்தே இரும்புச்சத்து மிகுந்த 'தனசக்தி' பிறந்தது. புனே, நாசிக் பக்கம் உள்ள நம் அன்பர்கள் வாங்கும் பாக்ரி மாவில் டோகோ விவசாயியின் தேர்வும் கலந்திருக்கலாம்.

ஓய்வூதியக்காரனுக்குப் புரிகிற ஏற்பாடு ஒன்றும் இருக்கிறது. 2004-இல் உருவான உலகப் பயிர் அறக்கட்டளை, நன்கொடையை முதலாக வைத்து, அதன் வருமானத்தில் விதை வங்கிகளுக்கு ஆண்டுதோறும் பணம் தருகிறது. நம் பிக்சட் டெபாசிட் மாதிரி. பட்டான்செருக் குளிர் அறைகளில் உள்ள 1 லட்சத்து 20 ஆயிரத்துக்கும் மேற்பட்ட விதை மாதிரிகளுக்கும் இதில் பங்கு உண்டு. ஆனால் அது விதையைக் காப்பாற்றி வைக்கத்தான். அந்த விதையை வெளியே எடுத்து நியாமியிலும் புலவாயோவிலும் மண்ணில் போட்டுப் பத்து ஆண்டு பார்க்க, இதுபோல ஒரு முதல் இன்னும் யாரும் வைக்கவில்லை.