சுன்னாகத்து அந்தியை நாள்தோறும் தீட்ட ஒருவர் வேண்டும்

ஆனி, ஆடி மாதங்களில் சுன்னாகத்தில் நின்று பார்த்தால் பொழுது பண்டத்தரிப்புப் பக்கமாகப் படும். மார்கழியில் அதே இடத்தில் நின்றால் அராலிப் பக்கத்துப் பனைகளுக்குள் இறங்கும். இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய 47 பாகை. பொழுதுபடும் நேரமும் அப்படித்தான். யூலையில் மாலை 6.35 அளவில், நவம்பர் நடுவில் 5.45க்கே இருட்டத் தொடங்கிவிடும். இதற்கிடையில் சோளகம் போய் வாடை வர, வானத்தின் நிறமும் நாளுக்கு நாள் வேறாகிறது. தோட்டத்தில் நிற்கும் கமக்காரருக்கு இந்த மாற்றங்கள் அத்துபடி. ஆனால் கண்ணால் படித்தது கண்ணோடு போய்விடும். அதைத் தாளில் ஏற்றி வைக்க வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் விருப்பம்.

இது வெறும் அழகுணர்ச்சிக்காகச் சொல்வதல்ல. 1883 ஓகஸ்ட் 27இல் கிரக்கத்தோவா எரிமலை வெடித்துச் சிதறியது. அது எறிந்த தூசி வானில் பரவ, செப்டெம்பர் இரண்டாம் வாரத்தில் இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் சூரியன் பச்சையாகவும் நீலமாகவும் தெரிந்தது. சென்னைக் கிறித்தவக் கல்லூரிப் பேராசிரியர் மிச்சி சிமித் அந்த ஒளியை நிறமாலைமானி கொண்டு ஆராய்ந்து எழுதினார். அவர் எழுதியது கோடுகளும் அளவுகளும். நிறத்தை நிறமாகவே பிடித்து வைத்தவர் லண்டனில் இருந்தார்.

அவர் வில்லியம் ஆஸ்குரொஃப்ட். தேம்ஸ் நதிக்கரையில் செல்சியில் இருந்தபடி, அந்தி வானை வண்ணக்கட்டிகளால் மாலைக்கு மாலை வரைந்தார். நிறம் ஓடிவிடும் என்பதால் விரைவான வரைவுகள். ஒரே மாலையில் நிமிடங்கள் இடைவிட்டுப் பல தாள்கள். 1883 நவம்பர் 26 மாலை அவர் வரைந்தவை, றோயல் சொசைட்டி 1888இல் வெளியிட்ட கிரக்கத்தோவா அறிக்கையின் முகப்பில் இடம்பெற்றன. அவருடைய வரைவுகள் 500க்கும் மேல். ஓர் ஓவியரின் மாலைநேரப் பழக்கம் விஞ்ஞானச் சான்றாக நின்றது.

கிரேக்க அறிவியலாளர் கிறிஸ்தோஸ் செரெஃபோஸ் குழுவினர் 2007இல் வெளியிட்ட ஆய்வு இந்த வழியில் இன்னும் தூரம் போனது. 1500 முதல் 1900 வரை 181 ஓவியர்கள் தீட்டிய 554 அந்தி ஓவியங்களில் சிவப்புக்கும் பச்சைக்கும் உள்ள விகிதத்தை அளந்தார்கள். பெரிய எரிமலை வெடிப்புகளை அடுத்த ஆண்டுகளில் சிவப்பு ஏறியிருந்தது. ஓவியர்களுக்குத் தூசியைப் பற்றி எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. கண்டதை நேர்மையாகத் தீட்டியதே போதுமாக இருந்தது.

நம் வானத்திலும் படிக்க நிறைய இருக்கிறது. சோளகக் காலத்தில் காற்று தரையை வாரும். வலிகாமத்தின் செம்பாட்டு மண் தூசியாய் எழும். அடிவானம் செம்பு நிறமாய் மங்கும். யாழ்ப்பாணத்து மழையின் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழிக்குள் பெய்துவிடுகிறது. மழை கழுவிய காற்றில், மேற்கே முகில் கொஞ்சம் விலகினால் போதும், படும் பொழுதின் ஒளி முகில்களின் அடிவயிற்றைப் பற்றவைக்கும். ஆண்டின் மிகச் சிறந்த அந்தி மாரியில்தான் என்பது என் தீர்மானமான எண்ணம். தை பிறந்து விண் பூட்டிய பட்டங்கள் ஏறும் நாட்களில் வானம் மெல்லிய இளஞ்சிவப்புக்கு அடங்கும். 2022 டிசெம்பரில் வெளியிலிருந்து வந்த மாசு நாட்டின் வானையே மூடியது. 9ஆம் திகதி பாடசாலைகளை மூட நேர்ந்தது. அந்த வாரத்து மைமலை யாராவது தீட்டியிருந்தால் அது இன்று எவ்வளவு பெறுமதியான ஆவணமாயிருக்கும்!

கைபேசியால் எடுத்தால் என்ன என்று கேட்பார்கள். எடுக்கலாம். ஆனால் கைபேசி நிறங்களைத் தானாகவே சமன் செய்துவிடுகிறது. கண் கண்ட சிவப்பு படத்தில் வேறு சிவப்பாகிறது. தீட்டுகிறவர் கலக்கிய வர்ணத்துக்கு அவரே பொறுப்பு.

வேலை எளிதல்ல. இங்கே சூரியன் செங்குத்தாக இறங்குவதால் பொழுது பட்டபின் இருபது நிமிடத்துக்குச் சற்று மேல்தான் நல்ல ஒளி நிற்கும். லண்டன்காரருக்குக் கிடைத்த அவகாசம் நமக்கில்லை. மாரியின் ஈரத்தில் நீர்வர்ணம் காயாமல் கிடக்கும். சோளகத்திலோ தூரிகை நகருமுன் தாள் காய்ந்துவிடும். ஆகவே சிறிய தாள், முன்கூட்டியே நனைத்து வைத்த வர்ணங்கள், தேவையானால் வண்ணக்கட்டி. ஆங்கில ஓவியர் ஜோன் கொன்ஸ்டபிள் 1821, 1822இல் ஹாம்ஸ்டெட் குன்றில் முகில்களைத் தீட்டியபோது படத்தின் பின்புறத்தில் நாள், நேரம், காற்றின் திசை எழுதி வைத்தார். அந்தப் பழக்கத்தை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும். முகில் மூடிய சாம்பல் நாளையும் விடக்கூடாது. அழகான மாலைகளை மட்டும் தெரிந்தெடுத்தால் அது ஆவணம் ஆகாது.

அச்சுவேலி தந்த ஆசை இராசையா இந்த மண்ணின் நிலக்காட்சிகளைத் தீட்டிக் காட்டியவர். சுன்னாகத்துக்குப் பக்கத்தில் மருதனார்மடத்தில் சித்திரமும் வடிவமைப்பும் படிக்கும் மாணவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் வரும் தை முதலாம் நாள் ஒரு வளவில் இடம் பிடித்து, அடுத்த தை வரை நாளுக்கொரு தாள் தீட்டட்டும். ஆசிரியர்கள் அதைப் பாடவேலையாக ஏற்றுக்கொள்ளட்டும். முடிந்ததும் தாள்களைச் சுன்னாகம் பொது நூலகத்தில் ஊரார் பார்க்க வையுங்கள்.