முருங்கை விதையும் ஆறு ஜாடித் தண்ணீரும்

மழை ஓய்ந்த மறுநாள் கண்மாயில் ஒரு ஜாடி தண்ணீர் மொண்டு மேசைமேல் வைத்துப் பாருங்கள். மணல் சில நொடிகளில் அடியில் படிந்துவிடும். செம்மண் கலங்கல் மட்டும் மாலைவரை அப்படியே நிற்கும். மறுநாள் காலையிலும் முழுதாகத் தெளிந்திருக்காது.

மண் துகளின் அளவுதான் முதல் காரணம். ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு குறுக்களவுள்ள களிமண் துகள், அசையாத தண்ணீரில் 10 சென்டிமீட்டர் இறங்க 30 மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதிலும் பத்தில் ஒரு பங்கே உள்ள துகளுக்குக் கணக்குப்படி நான்கு மாதம் வேண்டும். தண்ணீரின் மூலக்கூறுகள் ஓயாமல் மோதிக்கொண்டே இருப்பதால், நடைமுறையில் அது படிவதே இல்லை. இன்னொரு காரணமும் உண்டு. களிமண் துகள்களின் மேற்பரப்பில் எதிர்மின்னூட்டம் இருக்கிறது. எல்லாத் துகளும் ஒரே மின்னூட்டம் கொண்டவை என்பதால் ஒன்றையொன்று தள்ளுகின்றன. சேர்ந்து பெரிதாக முடிந்தால்தானே கனத்து இறங்கும்?

இந்த விலகலை உடைக்கும் பொருள் நம் கொல்லை மரத்திலேயே காய்க்கிறது. முருங்கை விதையின் பருப்பில் தண்ணீரில் கரையும் சிறு புரதங்கள் இருக்கின்றன. அவற்றுள் ஒன்றை ஜெர்மன் ஆய்வாளர்கள் 1995-இல் பிரித்தெடுத்து விவரித்தார்கள். அதில் 60 அமினோ அமிலங்களே உண்டு. புரதங்களில் இது மிகச் சிறியது. சாதாரணத் தண்ணீரில் இதன்மேல் நேர்மின்னூட்டம் நிறைந்திருக்கும். களிமண்ணோடு சேர்ந்ததும் அதன் எதிர்மின்னூட்டத்தை இது தணித்துவிடுகிறது. தள்ளுவதற்கு வலுவில்லாத துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி, எலுமிச்சை பிழிந்த பால் திரிவதுபோல் திரிந்து, கண்ணுக்குத் தெரியும் திப்பிகளாகிக் கீழே இறங்குகின்றன.

விதையால் தண்ணீரைத் தெளியவைப்பது நமக்குப் புதிதல்ல. தேற்றாங்கொட்டையைக் கலத்தில் இழைத்துக் கலங்கல் நீரைத் தெளியவைத்த வழக்கம் கலித்தொகையிலேயே உவமையாக வந்திருக்கிறது. சூடானில் நைல் நதிக்கரைப் பெண்கள் முருங்கை விதையை இதே வேலைக்குப் பயன்படுத்தினார்கள். சமியா அல் அசாரியா ஜான் என்ற ஆய்வாளர் அதைக் கூர்ந்து கவனித்து ஆராய்ந்தார். வெப்பநாடுகளின் மரபுவழி நீர்த்தெளிப்பு முறைகள் பற்றிய அவருடைய நூல் 1981-இல் வந்தது. வீட்டுப் பெண்களின் அறிவை ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுவந்து சோதித்த அந்த உழைப்பை நான் மிக உயர்வாக மதிக்கிறேன்.

தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாடு 1993 முதல் நடந்துவருகிறது. 10 முதல் 17 வயதுப் பிள்ளைகள் தங்கள் ஊரின் பிரச்சினை ஒன்றை எடுத்து ஆராயும் இடம் அது. அதற்குத் தலைப்புத் தேடும் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது முருங்கை விதைதான். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி 1989-இல் வெளியிட்ட பி.கே.எம்.-1 செடிமுருங்கை இன்று ஊருக்கு ஊர் நிற்கிறது. செலவு என்று பெரிதாக எதுவும் இல்லை.

ஆனால், “விதை போட்டோம், தண்ணீர் தெளிந்தது” என்று இரண்டு படங்களை அட்டையில் ஒட்டினால் அது ஆய்வாகாது. எவ்வளவு விதை, எவ்வளவு கலங்கல், எவ்வளவு நேரம் என்று கேட்கும்போதுதான் ஆய்வு தொடங்குகிறது.

மரத்திலேயே முற்றிக் காய்ந்த நெற்றை எடுங்கள். பிஞ்சு விதையும் பச்சைக்காய் விதையும் சரியாக வேலை செய்யாது. சிறகு போன்ற ஓரத்தோடு இருக்கும் பழுப்புத் தோலை உரித்தால் உள்ளே வெண்மையான பருப்பு. அம்மியிலோ சிறு உரலிலோ நசுக்கும்போது விரலில் எண்ணெய் பிசுபிசுக்கும்; பருப்பின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எண்ணெய்தான். ஒரு கிராம் பொடியை 100 மில்லி தண்ணீரில் கலக்கி, வேட்டித் துணியில் வடிகட்டினால் பால் நிறத்தில் ஒரு கரைசல் கிடைக்கும். அதை அன்றன்றைக்குத்தான் தயாரிக்க வேண்டும்.

அரை லிட்டர் கண்மாய்த் தண்ணீர் வீதம் ஆறு ஜாடி. முதல் ஜாடியில் எதுவும் விடாதீர்கள். அடுத்தவற்றில் 2, 4, 6, 8 மில்லி. ஆறாவதில் வேண்டுமென்றே 30 மில்லி. ஒரு நிமிடம் வேகமாகவும், பிறகு பத்து நிமிடம் மிக மெதுவாகவும் கலக்குங்கள். வேகம், புரதத்தை எல்லாத் துகளிடமும் கொண்டுபோய்ச் சேர்க்க; நிதானம், சேர்ந்த திப்பிகள் சிதையாமல் வளர. குடிநீர் நிலையங்களில் படிகாரத்தின் அளவைக் கண்டுபிடிக்க, துடுப்புகள் பூட்டிய கருவியில் நடத்தும் ஜார் டெஸ்ட்டும் இதேதான்.

கலங்கல் அளக்கும் கருவி பள்ளியில் இல்லாவிட்டாலும் வழி இருக்கிறது. நீளமான கண்ணாடிக் குழாயின் அடியில் கறுப்பு மையால் ஒரு பெருக்கல் குறி போடுங்கள். கலக்கிய ஜாடிகளை எல்லாம் ஒரே அளவு நேரம் அசைக்காமல் வைத்த பின், மேலே நிற்கும் நீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குழாயில் ஊற்றி, குறி மறையும் உயரத்தை அளவுகோலால் குறித்துக்கொள்ளுங்கள். உயரம் கூடக்கூடத் தெளிவும் கூடுதல்.

எனக்கு மிகவும் பிடித்தது ஆறாவது ஜாடி. அதிகம் விட்டால் அதிகம் தெளியும் என்றுதான் எல்லாப் பிள்ளைகளும் எழுதி வைத்திருப்பார்கள். அந்த ஜாடியோ பெரும்பாலும் மற்றவற்றைவிடக் கலங்கலாக நிற்கும். அளவுக்கு மிஞ்சிய புரதம் துகள்களை முழுக்க மூடி, அவற்றின் மின்னூட்டத்தையே நேர்மின்னூட்டமாகப் புரட்டிவிடும். பழையபடி எல்லாம் ஒரே மின்னூட்டம், பழையபடி விலகல். கரைசலின் எஞ்சிய பொருள்களும் தம் பங்குக்கு நீரை மங்கலாக்கும். அளவுக்கும் தெளிவுக்கும் வரைபடம் போட்டால், கோடு ஏறி ஓரிடத்தில் இறங்கும். அந்த உச்சி அந்தக் கண்மாய்த் தண்ணீருக்கு மட்டும் உரியது. வேறு ஊர்த் தண்ணீருக்கு அது மாறும். இரவல் வாங்க முடியாத விடை என்பதால்தான் இதை உண்மையான ஆய்வு என்கிறேன்.

ஓர் எச்சரிக்கை. தெளிந்த நீர் வேறு, குடிக்கத் தகுந்த நீர் வேறு. திப்பிகளோடு பாக்டீரியாக்களும் பெருமளவு இறங்கிவிடுகின்றன. ஆனால் எல்லாமும் அல்ல. நீரில் தங்கிவிடும் விதைச்சத்து, மிஞ்சிய கிருமிகளுக்கு உணவாகிறது. அதனால் ஒருநாள் வைத்திருந்தாலே அவை மறுபடி பெருகும். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012-இல் இதற்கு அழகான தீர்வு ஒன்றைக் காட்டினார்கள். மணலுக்கும் எதிர்மின்னூட்டம்தான். விதைக் கரைசலில் மணலை ஊறவைத்தால் புரதம் மணலில் ஒட்டிக்கொள்ளும், மற்ற சத்துகளைக் கழுவிவிடலாம். பிறகு அந்த மணலே கலங்கலையும் கிருமிகளையும் பிடிக்கும் வடிகட்டி. இரண்டாம் ஆண்டு ஆய்வுக்கு இதைவிட நல்ல தலைப்பு கிடைக்காது.

வழிகாட்டும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பிள்ளைகள் தயங்கினாலும், தெளியாத ஜாடிகளின் அளவுகளையும் அறிக்கையில் எழுதச் சொல்லுங்கள். சோதித்த தண்ணீரை, கொதிக்க வைக்காமல் யாரும் வாயில் வைக்க விடாதீர்கள். சமையலுக்குப் பறித்தது போக ஒன்றிரண்டு காய்களை மரத்திலேயே நெற்றாக விட்டுவைக்கச் சொல்லி இப்போதே வீடுகளுக்குச் சொல்லி அனுப்புங்கள்.