ஒரு தெளிப்பானும் எட்டுக் கிண்ணங்களும்

"வாத்தியாரே, ரோட்டுக்குத் தண்ணி ஊத்தி என்ன வெளையப் போவுது?"

பக்கத்து வீட்டு ஆயா ஒரு நாள் காலையில் இப்படிக் கேட்டபோதுதான் தெருவுக்குப் போய்ப் பார்த்தேன். எங்கள் வீட்டுப் புல்தரையின் மூலையில் இருந்த தெளிப்பான் முழு வட்டமாகச் சுற்றி, சாலையையும் ஆயாவின் சுவரையும் நனைத்துக்கொண்டிருந்தது. அவர் அதோடு விடவில்லை. "எங்க கெணத்துல இப்போ உப்பு கரிக்குது" என்றும் சொன்னார்.

மாமல்லபுரம் – திருக்கழுக்குன்றம் பகுதியில் வசிப்பவர்களுக்கு அந்த இரண்டாவது வாக்கியத்தின் பொருள் நன்றாகத் தெரியும். நான் அறிவியல் ஆசிரியர். எட்டாம் வகுப்பில் தெளிப்பு நீர்ப்பாசனத்தை 'நீரைச் சிக்கனப்படுத்தும் முறை' என்று நடத்துபவன். என் வீட்டிலோ அதே தெளிப்பான்தான் நீரை வீணாக்கிக்கொண்டிருந்தது. அதைச் சரிசெய்தபோது கற்றுக்கொண்டவற்றை, வீட்டிலோ பள்ளித் தோட்டத்திலோ தெளிப்பான் வைத்திருக்கும் ஆசிரிய நண்பர்களுக்காக எழுதுகிறேன்.

தட்டித் தட்டிச் சுழல்வது எப்படி?

எங்கள் புல்தரை 8 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம். நான்கு மூலைகளிலும் பித்தளையால் ஆன, 'டக் டக்' என்று தட்டிச் சுழலும் தெளிப்பான்கள் உள்ளன. 1930களில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஆர்ட்டன் எங்கல்ஹார்ட் என்பவர் உருவாக்கிய அமைப்பு இது. மூக்கிலிருந்து சீறும் நீர், சுருள்வில் பொருத்திய ஒரு கையின் நுனியில் மோதுகிறது. கை விலகிப் போகிறது. சுருள்வில் அதைத் திரும்ப இழுக்கிறது. திரும்பி வரும் கை தலையில் தட்ட, தலை சில பாகை நகர்கிறது. இது இடைவிடாமல் நடப்பதால் தலை மெல்லச் சுழல்கிறது.

தலையின் அடியில் இரண்டு கம்பி வளையங்கள் இருக்கும். அவற்றுக்கு இடையே ஒரு சிறு நெம்புகோல் தொங்கும். தலை சுழன்று வரும்போது நெம்புகோல் ஒரு வளையத்தில் இடித்தால் திசை மாறும், மறு வளையத்தில் இடித்தால் மீண்டும் மாறும். நெம்புகோலை மேலே தூக்கி விட்டால் முழு வட்டமாகச் சுற்றும். எங்கள் வீட்டில் நடந்தது அதுதான். புல் வெட்டும்போது ஏதோ பட்டு நெம்புகோல் மேலேறியிருந்தது.

சரிசெய்யும் வரிசை

முதலில் தலை செங்குத்தாக நிற்கிறதா என்று பாருங்கள். சாய்ந்திருந்தால் ஒரு பக்கம் நீர் அருகிலேயே விழுந்து தேங்கும், மறுபக்கம் எல்லை தாண்டிப் பறக்கும். மணற்பாங்கான மண்ணில் குழாய் எளிதில் சாயும். சுற்றிலும் செங்கல் துண்டுகளை இறுக்கி வைத்தாலே நின்றுவிடும்.

அடுத்தது கோணம். நெம்புகோலை இறக்கிவிட்டு, வளையங்களின் காதுகளை விரலால் அழுத்தி நகர்த்துங்கள். மூலையில் இருப்பதற்கு 90 பாகை, சுவரோரம் நடுவில் இருப்பதற்கு 180 பாகை. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கோணத்தைக் குறைத்தாலும் மூக்கிலிருந்து வெளிவரும் நீரின் அளவு குறையாது. 360 பாகைக்குப் பரவிய நீர் இப்போது 90 பாகைக்குள் விழுவதால் அந்த இடத்துக்கு நான்கு மடங்கு நீர் கிடைக்கும். ஆகவே ஒரே குழாயில் முழு வட்டத் தெளிப்பானும் கால் வட்டத் தெளிப்பானும் இருந்தால், கால் வட்டத்துக்குச் சிறிய துளையுள்ள மூக்கைப் பொருத்த வேண்டும்.

மூன்றாவது தூரம். நீர்த்தாரையின் முன்னால் ஒரு திருகு இருக்கும். அதை உள்ளே திருகினால் நுனி தாரையைத் தொட்டு உடைக்கும், நீர் அருகில் விழும். ஒரு தெளிப்பானின் நீர் அடுத்த தெளிப்பானின் காலடி வரை எட்ட வேண்டும் என்பது விதி. இது வீண் என்று தோன்றலாம். ஆனால் எந்தத் தெளிப்பானும் எல்லா இடத்திலும் ஒரே அளவில் நீர் ஊற்றுவதில்லை. பொதுவாக அருகில் அதிகமாகவும் தொலைவில் குறைவாகவும் விழும். ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்புவதால்தான் தரை சீராக நனைகிறது.

நான்காவது அழுத்தம். 10 மீட்டர் உயர நீர்த்தம்பம் தருவது சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 1 கிலோ அழுத்தம். 6 மீட்டர் உயர மாடித் தொட்டியிலிருந்து 0.6 கிலோதான் கிடைக்கும். தட்டிச் சுழலும் தெளிப்பானுக்கு ஏறக்குறைய 2 கிலோ வேண்டும். தொட்டியில் இணைத்துவிட்டு 'சுற்றவில்லை' என்று தெளிப்பானைக் குறை சொல்வதில் பயனில்லை, மோட்டாரிலிருந்து நேரடியாக இணைக்க வேண்டும். மாறாக, நீர் புகைபோல் பறந்தால் அழுத்தம் அதிகம் என்று பொருள், வால்வைச் சற்று மூடுங்கள். நம் கடற்கரையில் கோடைக்காலத்தில் நண்பகல் வாக்கில் கடற்காற்று எழும், அந்தப் புகை நீர் முழுவதும் பக்கத்துத் தெருவுக்குப் போய்விடும். பாய்ச்சுவதற்கு ஏற்ற நேரம் விடியற்காலை.

பராமரிப்பு

எங்கள் நான்கில் ஒன்று நீரைக் குறைவாகவே விட்டது. மூக்கைக் கழற்றினால் உள்ளே வெள்ளையாகச் சுண்ணாம்புப் படிவு. ஊசியால் குத்தக் கூடாது. துளை பெரிதானால் நீரின் அளவும் தூரமும் மாறிவிடும். எலுமிச்சைச் சாற்றிலோ வினிகரிலோ அரை மணி நேரம் ஊறவைத்து, பழைய பல் துலக்கியால் தேய்த்துக் கழுவினால் போதும். கார்பனேட்டுடன் அமிலம் வினைபுரிந்து குமிழி விடுவதைப் பிள்ளைகளுக்குக் காட்டலாம்.

தலை சுழலாமல் நின்றால் பலரும் எண்ணெய் விடுகிறார்கள். அது தவறு. சுழலும் பகுதிக்கு நீரே வழுவழுப்புத் தரும். எண்ணெய் விட்டால் மணல் ஒட்டிக்கொண்டு இன்னும் இறுகும். தலையைக் கையால் தூக்கி அழுத்தி, நீரை ஓடவிட்டு மணலை வெளியேற்ற வேண்டும். கை வளைந்திருக்கிறதா, சுருள்வில் தளர்ந்திருக்கிறதா, வாஷர் தேய்ந்து அடியில் கசிகிறதா என்பவற்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு இருமுறை மூக்குகளைக் கழற்றிவிட்டு ஒரு நிமிடம் மோட்டாரை ஓட்டினால் குழாயில் தங்கிய மணல் வந்துவிடும்.

எட்டுக் கிண்ணங்கள்

சரியாகிவிட்டது என்று எப்படி அறிவது? ஒரே அளவான, நேர்ச்சுவருள்ள எட்டுக் கிண்ணங்களைப் புல்தரையில் பரப்பி வைத்து 15 நிமிடம் நீர் விட்டு, அளவுகோலால் ஆழத்தை அளந்தேன். திருத்துவதற்கு முன்: 2, 3, 4, 5, 6, 8, 9, 11 மி.மீ. சராசரி 6. திருத்திய பின்: 5, 6, 7, 7, 7, 7, 8, 9 மி.மீ. சராசரி 7. சாலைக்குப் போன நீர் தரைக்குத் திரும்பியதால் சராசரி கூடியது.

1942இல் கலிபோர்னியாவில் கிறிஸ்டியன்சன் என்ற பொறியாளர் இந்தச் சீர்மையை அளக்க ஒரு வழி சொன்னார். ஒவ்வோர் அளவும் சராசரியிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று கூட்டி, மொத்தத்தால் வகுத்து, 1இலிருந்து கழிக்க வேண்டும். முன்பு விலகல்களின் கூடுதல் 20, மொத்தம் 48. சீர்மை 58 விழுக்காடு. பின்பு விலகல் 6, மொத்தம் 56. சீர்மை 89 விழுக்காடு.

இந்த எண்ணிக்கைதான் மோட்டார் நேரத்தைத் தீர்மானிக்கிறது. தரைக்கு 5 மி.மீ. நீர் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். முன்பு 2 மி.மீ. மட்டும் விழுந்த மூலையும் நனைய 37 நிமிடத்துக்கு மேல் ஓட்ட வேண்டும். அந்த மூலை மஞ்சளாகிறதே என்று நாங்களும் தினமும் 40 நிமிடம் ஓட்டிக்கொண்டிருந்தோம். இப்போது 15 நிமிடம் போதும். சாலைக்கு மட்டும் போனது எவ்வளவு? ஒரு தெளிப்பான் நிமிடத்துக்கு 10 லிட்டர் விடுகிறது. வாளி பிடித்து அளந்தேன். அதில் முக்கால் பங்கு வெளியே. 40 நிமிடத்துக்கு 300 லிட்டர். 15 லிட்டர் குடத்தில் 20 குடம்.

ஆயாவின் கிணறு

கடலோர மணலில் நன்னீர், உப்பு நீரின் மேல் மிதக்கிறது. நன்னீரின் அடர்த்தி 1.000, கடல்நீரின் அடர்த்தி 1.025. வேறுபாடு 0.025. 1ஐ 0.025ஆல் வகுத்தால் 40. அதாவது கடல்மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் நன்னீர் இருந்தால், கீழே ஏறக்குறைய 40 மீட்டர் வரை நன்னீர் நிற்கும். நாம் இறைத்து மேல்மட்டத்தை 1 மீட்டர் இறக்கினால், கீழிருந்து உப்பு நீர் 40 மீட்டர் வரை ஏறிவரக்கூடும். கெய்பென், ஹெர்ஸ்பெர்க் என்ற இருவரின் பெயரால் வழங்கும் விதி இது. நெம்மேலியில் 2013 முதல் கடல்நீரைக் குடிநீராக்கிச் சென்னைக்கு அனுப்புகிறார்கள். உப்பு நீக்குவதற்கு எவ்வளவு பெரிய ஆலை வேண்டியிருக்கிறது என்று அந்த வழியாகப் போகும்போது பிள்ளைகளுக்குக் காட்டலாம். அதே கடற்கரையில் நான் 300 லிட்டர் நன்னீரைத் தார்ச்சாலையில் ஊற்றியிருக்கிறேன்.

வகுப்பறைக்கு

ஐந்தாம் வகுப்பில் கிண்ண அளவுகளைப் பட்டை வரைபடமாக வரையச் சொல்லலாம். எட்டாம் வகுப்பில் வட்டக்கோணப் பகுதியின் பரப்பைத் தெளிப்பான் நனைத்த ஈரத்தை வைத்தே கணக்கிடலாம். பத்தாம் வகுப்பில் நியூட்டனின் மூன்றாம் விதிக்கு, எதிர்த்திசையில் நீர் பீய்ச்சிச் சுழலும் பட்டாம்பூச்சித் தெளிப்பான் நல்ல எடுத்துக்காட்டு. சிறு, குறு விவசாயிகளுக்கு அரசு 100 விழுக்காடும் மற்றவர்களுக்கு 75 விழுக்காடும் மானியம் தருவதால், வேர்க்கடலை பயிரிடும் பெற்றோர் சிலரது நிலத்திலும் தெளிப்பான் இருக்கும். கிண்ணங்களோடு அங்கே போகலாம்.

ஆயாவின் கிணற்று நீர் இனித்துவிட்டது என்று எழுத ஆசைதான். ஒரு வீட்டுத் தெளிப்பானைத் திருத்தினால் அது நடந்துவிடாது. அந்தக் கிணற்றைச் சுற்றிப் பல மோட்டார்கள் ஓடுகின்றன. அதில் என்னுடையது இப்போது தினமும் 25 நிமிடம் குறைவாக ஓடுகிறது. மற்ற வீடுகளில் அளப்பதற்காக என் மாணவர்கள் எட்டுக் கிண்ணங்களையும் வாங்கிப் போயிருக்கிறார்கள்.