காமரங்காய் நடுவோர் கவனத்திற்கு

சென்ற கோடையில் எனது கிளினிக்குக்கு வந்த ஒரு ஐயா, ஒரு பை நிறையக் காமரங்காய் கொண்டுவந்து மேசையில் வைத்தார். குறுக்கே வெட்டினால் நட்சத்திரம் போல இருக்குமே, அந்தப் பழம்தான். இங்கே பிரிஸ்பேனில், விதை போட்டுத் தானே வளர்த்த மரமாம். ஐந்தாம் வருடம் காய்த்ததாம். நான் கணினியில் அவருடைய இரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இருபது வருட நீரிழிவு. சிறுநீரகத்தின் வேலை பாதிக்கும் கீழே.

"நீங்கள் சாப்பிட்டீங்களோ?" என்று கேட்டேன்.

"இல்லை டொக்டர், முதல் பழம் உங்களுக்குத்தான்."

நல்லகாலம்.

காமரங்காயில் கரம்பொக்சின் என்னும் நரம்பு நச்சு உண்டு. பிரேசில் ஆய்வாளர்கள் 2013இல் இதனை இனங்கண்டனர். சிறுநீரகம் நன்றாக இயங்குபவருக்கு அது சிறுநீருடன் வெளியேறிவிடும். சிறுநீரகம் பழுதடைந்தவருக்கோ இரத்தத்தில் தங்கி மூளையைத் தாக்கும். முதலில் நிற்காத விக்கல், வாந்தி. பின்னர் தடுமாற்றம், வலிப்பு. உயிரிழந்தவர்களும் உண்டு. டயாலிசிஸ் செய்பவர்களுக்கு ஒரு பழமே ஆபத்தாகலாம். இதற்கு மாற்று மருந்து இல்லை. உடனடி டயாலிசிஸ்தான் வழி. ஆகவே பழம் சாப்பிட்டபின் விக்கல் விடாவிட்டால் "வாயுவாக்கும்" என்று இஞ்சி அவித்துக் கொடுத்துக்கொண்டிராமல் 000 அழையுங்கள்.

சுகதேகிகளும் வெறும் வயிற்றில் சாறாகக் குடிக்கவேண்டாம். இதிலுள்ள ஒக்சாலிக் அமிலம் சிறுநீரகத்தில் படிகமாகப் படியும். இலங்கையில் இப்படிச் சிறுநீரகம் பழுதானவர்கள் பற்றி 2015இல் மருத்துவ அறிக்கை வெளிவந்தது. இதன் உறவான பிலிம்பிக்காய்ச் சாற்றைக் கொழுப்புக் குறையக் குடித்தவர்களுக்குக் கேரளாவிலும் இதுவே நடந்தது.

எம்மவரில் நீரிழிவும் இரத்த அழுத்தமும் அதிகம். சிறுநீரகம் பாதி கெட்டபின்னும் உடம்பு ஒன்றும் காட்டாது. எனவே வேலிக்கு மேலால் பழம் கொடுக்குமுன் ஒரு வார்த்தை கேளுங்கள். உங்களுடைய 'ஈஜிஎஃப்ஆர்' அளவு எவ்வளவு என்று குடும்ப வைத்தியரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, வீட்டில் எல்லோருக்கும் சிறுநீரகம் நன்றாக இருந்தால் தாராளமாக நடலாம். நன்கு பழுத்த பழத்தின் பருத்த விதைகளை எடுத்து, வழுவழுப்புப் போகக் கழுவி, அன்றே நடுங்கள். காயவைத்து எடுத்துவைத்தால் சில நாட்களில் முளைக்கும் சக்தி போய்விடும். கோடையில் ஒரு வாரமளவில் முளைவிடும். குளிர்காலத்தில் இரண்டு வாரத்துக்கு மேலும் ஆகலாம். பனியும் பலத்த காற்றும் கன்றுக்கு ஆகாது.

கடையில் வாங்கும் பசளை மண் பையைத் திறக்கும்போது முகத்தைத் தள்ளி வைத்து, முகக்கவசமும் கையுறையும் அணியுங்கள். அந்த மண்ணிலிருக்கும் லெஜியோனெல்லா கிருமி நியூமோனியாவைத் தரும். பையிலேயே எச்சரிக்கை அச்சிட்டிருக்கும், நாங்கள்தான் வாசிப்பதில்லை.

விதைக்கன்று தாய்மரம் போலவே காய்க்கும் என்றில்லை, புளிப்பாகவும் வரலாம். புளிப்பு இனத்தில் ஒக்சாலிக் அமிலமும் கூடுதல். இனிப்புப் பழம்தான் வேண்டுமென்றால் ஒட்டுக்கன்று வாங்குங்கள்.