டிக்கெட் வாங்கினவர்களும் பாட வேண்டும்!

1949-ம் வருஷம் ஜூன் மாதம் 14-ந் தேதி. இங்கிலாந்தின் கிழக்குக் கடற்கரையில், சஃபோக் ஜில்லாவில், ஆல்டிபரோ என்று ஒரு சின்ன ஊர். அங்கே ஜூபிளி ஹால் என்ற மண்டபத்தில் அன்றைக்கு ஒரு புது ஆப்பெராவின் அரங்கேற்றம். டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்தவர்கள், பாடுகிறவர்கள் பாடட்டும், நாம் சாய்ந்து உட்கார்ந்து கேட்கலாம் என்றுதான் நினைத்திருப்பார்கள். அது நடக்கவில்லை. கண்டக்டர் (பஸ் கண்டக்டர் அல்ல, வாத்தியக் கோஷ்டியை நடத்துகிறவர்) சபையைப் பார்த்துத் திரும்பி நின்றார். நாடகத்தில் நாலு பாட்டுகள் சபையோருடையவை. அவற்றை இப்போதே கற்றுக்கொண்டாக வேண்டும்! தாத்தா, பாட்டி, மாமா, அத்தை என்று எல்லோரும் வாயைத் திறந்து பாடிப் பழகினார்கள்.

ஆப்பெரா என்றால் நம்மில் பலருக்கு ஒரு பயம் உண்டு. பருத்த சரீரமுள்ள ஓர் அம்மாள், கத்திக் குத்துப் பட்ட பிறகும் கால் மணி நேரம் பாடிவிட்டுச் சாவாள் என்று கேலி செய்வார்கள். உண்மையில் அது இசையிலேயே நடக்கும் நாடகம், அவ்வளவுதான். பேச வேண்டியதையும், சண்டை போட வேண்டியதையும், அழ வேண்டியதையும் பாட்டிலேயே செய்வது. இதைக் குழந்தைகளைக் கொண்டு செய்ய முடியுமா? முடியும் என்று காட்டியவர் பெஞ்சமின் பிரிட்டன் என்ற சங்கீத மேதை. ஆல்டிபரோவிலேயே குடியிருந்தவர் அவர். கதையும் பாட்டும் எழுதிக் கொடுத்தவர் எரிக் குரோசியர்.

நிகழ்ச்சிக்கு அவர்கள் வைத்த பெயர், 'வாருங்கள், ஒரு ஆப்பெரா செய்வோம்' என்று பொருள் தருவது. முதல் பாதியில் ஆப்பெராவே கிடையாது. சில பெரியவர்களும் குழந்தைகளும் கூடி, என்ன கதை எடுக்கலாம், யார் எந்த வேஷம் போடுவது, எந்த இடத்தில் பாட்டு வைப்பது என்று பேசித் தயார் செய்கிற நாடகம் அது. சபையோர் பாட்டுக் கற்றுக்கொள்வதும் அந்த ஒத்திகையோடு சேர்ந்ததுதான். இரண்டாவது பாதியில், அவர்கள் தயாரித்த ஆப்பெரா மேடை ஏறுகிறது. அதற்குப் பெயர் 'சின்னப் புகைபோக்கிக்காரன்'.

கதையைக் கொஞ்சம் கேளுங்கள். வருஷம் 1810. ஐகன் ஹால் என்ற பெரிய வீடு. அந்த வீட்டுப் புகைபோக்கிகளைச் சுத்தம் செய்ய, பிளாக் பாப் என்ற முரடனும் அவன் மகனும் வருகிறார்கள். கயிற்றில் கட்டி ஒரு பையனை இழுத்து வருகிறார்கள். பெயர் சாம். வயது எட்டு. தகப்பனாருக்கு இடுப்பு எலும்பு முறிந்து வேலை போய்விட, வறுமையினால் பையனை விற்றுவிட்டார்கள். இன்றுதான் அவனுக்கு முதல் நாள் வேலை. அழ அழ அவனுடைய உடையை உருவிப் போட்டுவிட்டு, புகைபோக்கிக்குள் ஏற்றிவிடுகிறார்கள். முரடர்கள் வேறு அறைக்குப் போய்விட, அந்த வீட்டுப் பிள்ளைகளும் அவர்களுடைய விருந்தாளிப் பிள்ளைகளும் கண்ணாமூச்சி ஆடிக்கொண்டு வருகிறார்கள். புகைபோக்கிக்குள்ளிருந்து முனகல் கேட்கிறது. பையன் மேலே மாட்டிக்கொண்டுவிட்டான்!

கயிற்றைப் பிடித்து இழுத்து அவனைக் கீழே கொண்டுவருகிறார்கள். கீழே விழுந்ததும், தன்னை மறுபடி மேலே அனுப்பாதீர்கள் என்றுதான் கெஞ்சுகிறான். பிள்ளைகள் ஒரு யுக்தி செய்கிறார்கள். கரி படிந்த அவன் பாதத்தை ஜன்னல் வரைக்கும் பதிய வைத்து, அவன் ஜன்னல் வழியாக ஓடிப்போனதாகப் பெரியவர்களை நம்ப வைத்துவிட்டு, அவனைப் பொம்மை அலமாரியில் ஒளித்துவிடுகிறார்கள். ரோவன் என்ற இளம் தாதி மட்டும் அவர்கள் பக்கம். சாமைத் தேய்த்துக் குளிப்பாட்டுகிறார்கள். வீட்டு நிர்வாகம் பார்க்கும் மிஸ் பாகட் என்ற சிடுமூஞ்சி அம்மாள் அலமாரியைத் திறக்கப் போகிற சமயம், மூத்த பெண் ஜூலியட் மயக்கம் போட்டு விழுகிறாள். பாசாங்குதான்! மறுநாள் காலை சாமை டிரங்குப் பெட்டியில் வைத்து, ஊருக்குப் புறப்படும் பிள்ளைகளோடு அனுப்ப ஏற்பாடு. பெட்டியைத் தூக்க வந்த வண்டிக்காரனும் தோட்டக்காரனும், இவ்வளவு கனமா, முடியாது என்று மறுத்துவிடுகிறார்கள். எல்லாம் குடி முழுகிப் போகும் போலிருக்கிறது. கடைசியில் பிள்ளைகளே கை கொடுத்துப் பெட்டியைத் தூக்கிவிடுகிறார்கள்.

இது வெறும் கற்பனை என்று தள்ளிவிட முடியாது. இங்கிலாந்தில் இந்தக் கொடுமை நிஜமாகவே நடந்தது. பெரியவர்கள் நுழைய முடியாத குறுகிய புகைபோக்கிகளுக்குள் பிள்ளைகள்தான் ஏறினார்கள். எட்டு வயதுக்குக் குறைந்தவர்களை இந்த வேலைக்கு வைத்துக்கொள்ளக் கூடாது என்று 1788-ல் ஒரு சட்டம் வந்தது. கதையில் சாமுக்கு எட்டு வயது என்பதைக் கவனியுங்கள். சட்டத்தின் கண்ணில் அது குற்றமே இல்லை! 1840-ல் இன்னொரு சட்டம் வந்து, 21 வயது ஆகாதவர்கள் புகைபோக்கியில் ஏறவே கூடாது என்றது. யார் கேட்டார்கள்? 1875-ல் ஒரு சிறுவன் புகைபோக்கியில் மாட்டிக்கொண்டு இறந்துபோன பிறகு, அதே வருஷம் வந்த சட்டம்தான் உண்மையில் பலன் கொடுத்தது. குழந்தைகள் நடிக்கிற நாடகத்துக்கு ராஜகுமாரி கதையையோ பூனைக் கதையையோ எடுக்காமல் இதை எடுத்தார்களே, அதுவே எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. தங்கள் வயதுப் பையன் ஒருவனைத் தாங்களே காப்பாற்றுகிற வேலையைக் குழந்தைகளிடம் கொடுத்துவிட்டார்கள்.

சங்கீதத்தைச் சுலபமாக்குகிறேன் என்று பிரிட்டன் அதை நீர்க்கச் செய்துவிடவில்லை. சபையோர் பாடும் முதல் பாட்டே ஐந்து ஐந்தாக எண்ண வேண்டிய தாளத்தில் இருக்கிறது. கண்ட நடை கேட்டுப் பழகிய நமக்கு அது ஒன்றும் அதிசயம் இல்லை. ஆனால் வெள்ளைக்காரர்களின் காதுக்கு அது நொண்டி நடை. இரவு வந்ததைக் காட்டும் பாட்டில், சபையை நாலு கட்சியாகப் பிரித்து விடுகிறார். ஒரு கட்சி ஆந்தை, ஒன்று நாரை, ஒன்று புறா, இன்னொன்று சாஃபின்ச் என்ற சின்னக் குருவி. யாருடைய பறவை நன்றாகக் கூவுகிறது என்று சபையில் ஒரு போட்டியே மூண்டுவிடும்! வாத்தியமும் கொஞ்சம்தான்: நாலு தந்தி வாத்தியங்கள், ஒரே பியானோவில் இரண்டு பேர், தாள வாத்தியங்கள். சாதாரணப் பள்ளிக்கூடமும் சமாளிக்கக் கூடிய செலவு.

எல்லாம் சரி. ஆனால் ஒரு சந்தேகம் கிளப்ப வேண்டியிருக்கிறது. 'வாருங்கள், செய்வோம்' என்று பெயர் வைத்தார்களே, குழந்தைகளா செய்தார்கள்? கதை குரோசியருடையது, பாட்டு மெட்டெல்லாம் பிரிட்டனுடையது. குழந்தைகள் தாங்களே தயாரிக்கிறாற்போல நடித்தார்கள், அவ்வளவுதான். பாயசம் கிண்டக் குழந்தை கையில் கரண்டியைக் கொடுத்துவிட்டு, அதன் கையை நாம் பிடித்துக் கிண்டுகிற மாதிரி! இதற்கு முன்பே, 1930-ல், ஹிண்டமித் என்ற ஜெர்மானியர் 'நாம் ஓர் ஊர் கட்டுவோம்' என்று குழந்தைகளுக்காக ஓர் இசை நாடகம் எழுதினார். அதைப் பெரியவர்களுக்கு வேடிக்கை காட்டுவதற்காக எழுதவில்லை. குழந்தைகள் வேண்டாததை விட்டுவிடலாம், வேண்டியதைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று அனுமதியும் கொடுத்தார். அப்படியும் ஆரம்பம் பெரியவருடையதுதானே?

பீட்டர் மாக்ஸ்வெல் டேவிஸ் என்பவர் 1959 முதல் 1962 வரை இங்கிலாந்தில் சைரன்செஸ்டர் என்ற ஊரின் பள்ளியில் சங்கீத வாத்தியாராக இருந்தார். பெரிய மேதைகள் எழுதினதைப் பிள்ளைகள் வாசிக்கக் கற்றுக்கொடுத்ததோடு, அவர்களையே இயற்றவும் சொன்னார். வேடிக்கை என்னவென்றால், தம்முடைய இசையும் அங்கேதான் தெளிவடைந்தது என்பதை அவரே ஒப்புக்கொண்டார். பிற்பாடு ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஆர்க்னி தீவுகளுக்குக் குடிபோய், அங்கத்திய பிள்ளைகளுக்காக 1980-ல் 'சிண்டரெல்லா' எழுதினார். அதில் சிண்டரெல்லா அயலூரிலிருந்து வீட்டு வேலைக்கு வந்த பெண். எஜமானியின் பெண்கள் மூவருக்கும் மெடூசா, ஹெகேட், டிராகோனியா என்று பெயர். பெயரைக் கேட்டாலே குணம் தெரியவில்லையா?

முழுப் பொறுப்பையும் குழந்தைகள் கையில் கொடுக்கும் முறை 1980-களில்தான் உருவாயிற்று. லண்டன் ராயல் ஆப்பெரா ஹவுஸ், பள்ளிக்கூட ஆசிரியர்களைக் கூட்டி இதற்கென்று பயிற்சி கொடுத்தது. நியூயார்க்கில் மெட்ரோபாலிடன் ஆப்பெரா கில்ட் அதையே எடுத்துக்கொண்டு அமெரிக்கப் பள்ளிகளில் பரப்பியது. பயிற்சி என்றால் நோட்டுப் புத்தகத்தில் குறிப்பு எடுக்கிற சமாசாரம் இல்லை. ஆசிரியர்களே முதலில் ஓர் ஆப்பெரா இயற்றி, நடித்து, மரம் அறுத்து, விளக்குப் போட்டாக வேண்டும். தாம் அவஸ்தைப் படாமல் மற்றவர்களை அவஸ்தைப் படுத்தக் கூடாது அல்லவா?

பிறகு வகுப்பில் ஒரு கம்பெனி தொடங்குகிறார்கள். அதற்குப் பெயரும் சின்னமும் குழந்தைகளே வைக்கிறார்கள். எழுத்தாளர், மெட்டுப் போடுகிறவர், நடிகர், தச்சர், மின்சாரக்காரர், உடை தைப்பவர், ஒப்பனை செய்பவர், விளம்பரம் பார்ப்பவர், மேடை நிர்வாகி என்று உத்தியோகங்கள். உத்தியோகம் வேண்டும் என்கிற பிள்ளை விண்ணப்பம் எழுதிப் போட வேண்டும். எதனால் தனக்கு அது தகும் என்றும் சொல்ல வேண்டும். இதில் ஒரு நன்மை இருக்கிறது. கணக்கில் பின்தங்கிய பையன் விளக்கு வேலையில் ராஜாவாக இருப்பான். வாயே திறக்காத பெண், மேடை நிர்வாகியாகி எல்லோரையும் அதட்டுவாள். திரை தூக்கும் அன்று உத்தரவு போடுவது அந்தப் பெண்தான். ஆசிரியை சபையில் போய் உட்கார வேண்டியதுதான்.

எடுத்த எடுப்பில் பாட்டுக்குப் போவதில்லை. முதலில் எதைப் பற்றி என்று பேசித் தீர்மானிக்கிறார்கள். பிறகு பாத்திரங்கள், அவர்களுக்குள் என்ன தகராறு, அப்புறம்தான் வசனம். உதாரணத்துக்கு, பள்ளிக்குப் புதிதாக வந்த பெண்ணை யாரும் விளையாட்டில் சேர்த்துக்கொள்ளவில்லை என்று கதை வைத்துக்கொள்வோம். 'நானும் வரட்டுமா?' என்று அவள் கேட்பது பேச்சு. 'இடமில்லை' என்பதும் பேச்சு. எல்லோரும் போன பிறகு அவள் தனியே நிற்கிறாளே, அங்கே பேச்சு நின்றுவிடுகிறது. அங்கேதான் பாட்டு வேண்டும். பாட்டு வருகிற இடத்தைக் கண்டுபிடிக்கத் தெரிந்துவிட்டால், குழந்தைக்கு ஆப்பெரா பிடிபட்டுவிட்டது என்று அர்த்தம். மெட்டுக்கு ராக ஞானமோ சுரம் எழுதத் தெரிவதோ அவசியம் இல்லை. வரியை உரக்கச் சொல்லிப் பார்க்கிறது; குரல் எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்று கவனிக்கிறது; முணுமுணுத்து இழுக்கிறது. பாதி மெட்டு அதிலேயே வந்துவிடும்.

இதில் கஷ்டமான பாகம் பெரியவர்களுக்குத்தான். குழந்தை எழுதின வரி சப்பென்று இருக்கும். நம் நாக்கு நுனியில் அருமையான வரி ஒன்று துடிக்கும். அதைச் சொல்லிவிட்டோமோ, போயிற்று! அப்புறம் அந்தக் குழந்தை ஒவ்வொரு வரிக்கும் நம் முகத்தைத்தான் பார்க்கும். அதனால் ஆசிரியர் கேள்வி கேட்கலாம்: 'இந்தப் பெண்ணுக்கு இப்போது கோபமா, வருத்தமா?' பதிலைச் சொல்லக் கூடாது. இந்த விரதம் எத்தனை பேருக்குச் சாத்தியம் என்று தெரியவில்லை. கோலத்தில் ஒரு புள்ளி கோணினால் குழந்தை கையிலிருந்து மாவைப் பிடுங்குகிற நம்மால் முடியுமா?

பிரிட்டனைக் கொஞ்சம் குறைத்துச் சொல்லிவிட்டேனோ என்று தோன்றுகிறது. அவர் 1958-ம் வருஷம் ஜூன் 18-ந் தேதி, ஆர்ஃபோர்டு என்ற ஊர் மாதா கோவிலில் 'நோவாவின் வெள்ளம்' என்ற இசை நாடகத்தை அரங்கேற்றினார். மிருகங்களாகவும் பறவைகளாகவும் வேஷம் போட்ட பிள்ளைகள் ஊர்வலமாகக் கப்பலுக்குள் ஏறினார்கள். வாத்தியக் கோஷ்டியிலும் முக்கால்வாசி குழந்தைகள். பிடில் கற்க ஆரம்பித்து விரல் வைக்கவே தெரியாத பிள்ளைக்கும் ஒரு பங்கு எழுதினார்: விரலே வைக்காமல் வெறும் தந்தியை இழுத்தால் போதும். அந்த ஒலி அங்கே அவசியம் வேண்டியிருந்தது. ஒப்புக்குச் சப்பாணியாக அந்தப் பிள்ளையைச் சேர்க்கவில்லை.

முதல் மழைத்துளி விழ வேண்டும். அதற்கு எந்த வாத்தியம்? இமோஜன் ஹோல்ஸ்ட் என்ற அம்மாள் சொன்ன யுக்தி: தேநீர்க் கோப்பைகளைக் காதில் கயிறு கோத்து வரிசையாகத் தொங்கவிட்டு, மரக் கரண்டியால் தட்டுவது. ஒவ்வொரு கோப்பைக்கும் ஒவ்வொரு சுரம். டிங்... டிங்... என்று துளி விழுகிறது. அப்புறம் பெருமழை பிடித்துக்கொள்கிறது.

இதை எழுதுகிறபோது ஆசை தாங்காமல் எங்கள் வீட்டுக் கோப்பைகளையும் ஒரு கொடியில் தொங்கவிட்டுப் பார்த்தேன். ஏழில் இரண்டு ஒரே சுரம் பேசின. ஒன்று பேசவே மறுத்துவிட்டது. விரிசல் விட்டிருந்தது அப்போதுதான் தெரிந்தது. பக்கத்து வீட்டுப் பையன் வந்து பார்த்துவிட்டு, வரிசையை மாற்றித் தொங்கவிட வேண்டும் என்றான். மாற்றித் தொங்கவிட்டான். அவன் சொன்னதுதான் சரி.