டால்பினைத் துரத்தும் படகில் ஏறாதீர்கள்

குமாரபாளையத்துக்குக் கடல் தூரம். தறிப்பட்டறைகள் ஓயும் தீபாவளி, பொங்கல் நாட்களில் வேன் பிடித்துக் கிளம்பும் குடும்பங்கள் ராமேஸ்வரம், கேரளக் கரை, கோவா என்று போகின்றன. கொஞ்சம் வசதி கூடியவர்கள் திருச்சியில் விமானம் ஏறி இலங்கைக்கும் போய் வருகிறார்கள். டூர் நோட்டீஸ்களில் இப்போது அடிக்கடி கண்ணில் படும் ஒரு வரி, 'டால்பின் பார்க்கும் படகுச் சவாரி'. இலங்கை என்றால் அதே இடத்தில் 'நீலத் திமிங்கிலம்' இருக்கும். காவிரிக்கரைக்காரருக்குப் படகு புதிதல்ல. பரிசல் தெரியும், பூலாம்பட்டியில் ஏறி நெருஞ்சிப்பேட்டையில் இறங்கும் விசைப்படகும் தெரியும். ஆனால் கதவணை தேக்கி வைத்த ஆற்றுத் தண்ணீர் வேறு, முகத்துவாரத்தைத் தாண்டியதும் அலை எழும் கடல் வேறு.

டிக்கெட் வாங்கும் இடத்தில் கேட்கும் முதல் பேச்சே "கண்டிப்பா டால்பின் பார்க்கலாம் சார்" என்பதுதான். சில கரைகளில் "டால்பின் வரலைன்னா காசு வேண்டாம்" என்றும் சொல்வார்கள். கேட்பவருக்கு நியாயமான பேரம் போலத் தோன்றும். உண்மையில் கடல் பயணத்தில் இதைவிட ஆபத்தான வாக்குறுதி கிடையாது. காட்டினால்தான் காசு என்றாகிவிட்டால் படகோட்டி விலங்கைத் தேடித் துரத்துவார், மற்றப் படகுகளோடு முட்டிமோதுவார், அலை கூடினாலும் திரும்ப மாட்டார். டால்பினுக்கு வரும் கேடும் பயணிக்கு வரும் கேடும் ஒரே இடத்திலிருந்து கிளம்புகின்றன.

தேக்கடி விபத்தை இன்றைக்கும் மறக்கக் கூடாது. 2009 செப்டம்பர் 30 மாலை, பெரியாறு ஏரியில் கேரளச் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் 'ஜலகன்யகா' என்ற இரண்டடுக்குப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து போனவர்களும் அதில் இருந்தார்கள். கரையில் தெரிந்த காட்டு விலங்கைப் பார்க்க எல்லோரும் ஒரே பக்கமாகத் திரண்டதில் படகு சாய்ந்தது என்று அப்போது செய்திகள் சொல்லின. புயல் இல்லை, பாறை இல்லை. விலங்கு தெரிந்த நொடியில் எழுந்து ஓடுவது மனித இயல்பு. அந்த இயல்பையும் கணக்கில் வைத்துப் படகைக் கட்டுவதும், ஆளைக் கட்டுப்படுத்துவதும், லைஃப் ஜாக்கெட்டை மாட்டிவிட்ட பிறகே கயிற்றை அவிழ்ப்பதும் நடத்துபவரின் கடமை. டால்பின் சவாரியில் இதே நொடி பலமுறை வரும். "இந்தப் பக்கம்!" என்று ஒருவர் கத்தினால் போதும், அத்தனை பேரும் கைபேசியோடு அந்த விளிம்புக்குச் சாய்வார்கள்.

மற்ற விபத்துகளிலும் ஒரே கதையைத்தான் பார்க்கிறோம். 2011 கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காட்டில் மீன்பிடிப் படகில் உல்லாசமாகப் போன 22 பேர் மூழ்கினார்கள். 2023 மே 7 அன்று மலப்புரம் மாவட்டம் தானூரில், மீன்பிடிப் படகை மாற்றிக் கட்டிய சுற்றுலாப் படகு இருட்டிய பிறகும் ஆளேற்றிக்கொண்டு போய்க் கவிழ்ந்தது. இறந்த 22 பேரில் பலர் குழந்தைகள். 2024 கிறிஸ்துமஸ் நாளில் கோவாவின் கலங்குட் கடற்கரையில், கரையிலிருந்து கூப்பிடு தூரத்திலேயே ஒரு சுற்றுலாப் படகு கவிழ்ந்தது. ஒருவர் இறந்தார், 20 பேர் மீட்கப்பட்டார்கள். மீட்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தவர்கள்.

குமாரபாளையம் பள்ளி, கல்லூரிகள் நிறைந்த ஊர் என்பதால் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 2024 ஜனவரி 18 அன்று குஜராத்தின் வடோதராவில் ஹர்ணி ஏரிப் படகு கவிழ்ந்து 12 மாணவர்களும் 2 ஆசிரியைகளும் இறந்தார்கள். கொள்ளளவைவிடக் கூடுதலாக ஏற்றியிருந்தார்கள். எல்லாக் குழந்தைகளுக்கும் ஜாக்கெட் இல்லை. சுற்றுலாவுக்கு ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துக் கேட்டு வரும்போது, திட்டத்தில் படகு உண்டா, எந்தப் படகு, குழந்தைகள் அளவில் ஜாக்கெட் உண்டா என்று பெற்றோர் எழுதிக் கேட்கலாம். பதில் வரும்வரை கையெழுத்துப் போட வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை.

இனி விலங்கின் பக்கம். அட்லாண்டிக் கடலில் ஸ்பெயினுக்குச் சொந்தமான கேனரித் தீவுகளில் டெனெரிஃப் என்றொரு தீவு இருக்கிறது. அதன் தென்மேற்குக் கடலில் குட்டைத் துடுப்புப் பைலட் திமிங்கிலங்கள் ஆண்டு முழுவதும் நிலையாக வாழ்கின்றன. அவற்றைப் பார்க்கவே உலகெங்கிலும் இருந்து ஆட்கள் போகிறார்கள். இந்த இனம் நமக்கும் அந்நியமல்ல. 2016 ஜனவரியில் திருச்செந்தூரை அடுத்த மணப்பாடு கரையில் 80-க்கும் மேற்பட்டவை ஒதுங்கித் தவித்தனவே, அவை இதே இனம்தான். மீனவர்கள் ராத்திரி பகலாக அவற்றைக் கடலுக்குள் தள்ளிவிட்டும் பல இறந்துபோயின. 1973-இலும் அதே கரையில் 147 ஒதுங்கின.

பைலட் திமிங்கிலம் கணவாய் பிடிக்க 1,000 மீட்டர் ஆழம்வரைகூட முக்குளிக்கும். மேலே வந்து மிதப்பது மூச்சு வாங்கவும், ஓய்வெடுக்கவும், குட்டிக்குப் பால் கொடுக்கவும். அந்த நேரத்தில் நான்கு படகுகள் சூழ்ந்தால் ஓய்வும் போயிற்று, பாலும் போயிற்று. ஒலியை வைத்தே இரையையும் உறவையும் தேடும் உயிருக்கு இன்ஜின் இரைச்சல் கண்ணைக் கட்டியது போலாகிறது. அதனால்தான் ஸ்பெயின் 2007-இல் ஓர் அரசாணை போட்டது. திமிங்கிலத்தைச் சுற்றி 60 மீட்டருக்குள் படகு போகக் கூடாது, தண்ணீரில் குதிக்கக் கூடாது, உணவு போடக் கூடாது. அனுமதி பெற்ற படகுகள் மஞ்சள் கொடி ஏற்றியிருக்க வேண்டும். டிக்கெட் வாங்குமுன் கொடியைப் பார் என்று பயணிகளுக்கு அங்கே சொல்லித் தருகிறார்கள். படிக்கத் தெரியாதவரும் சரிபார்க்கக்கூடிய ஏற்பாடு அது. நம் கரைகளுக்கும் அப்படி ஒன்று வேண்டும்.

தமிழர்களுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் திமிங்கிலக் கடல் இலங்கையுடையது. தெற்கே மிரிஸ்ஸவில் நவம்பர் முதல் ஏப்ரல் வரை பருவம். கிழக்கே திருகோணமலையில் அது முடியும் சமயத்தில் தொடங்கும். 2012-இல் இலங்கை அரசு கடல் பாலூட்டிகளைப் பார்ப்பதற்கென்றே விதிகள் வகுத்தது. திமிங்கிலத்திடமிருந்து 100 மீட்டர் விலகி நிற்க வேண்டும் என்பது அதில் முக்கியமானது. ஆனாலும் மிரிஸ்ஸவில் ஒரே திமிங்கிலத்தைப் பல படகுகள் சூழும் காட்சிகள் அடிக்கடி வெளியாகின்றன. அந்தக் கடலை ஒட்டித்தான் உலகின் நெரிசல் மிகுந்த கப்பல் பாதைகளில் ஒன்றும் போகிறது. திமிங்கிலங்கள் கப்பலில் அடிபடுவதைக் குறைக்க, பெரிய சரக்குக் கப்பல் நிறுவனமான எம்எஸ்சி 2022-இல் தன் கப்பல்களை இன்னும் தெற்கே தள்ளி ஓட்டத் தொடங்கியது. ராட்சதக் கப்பலே வழிவிடும்போது சுற்றுலாப் படகு வழிவிடாமல் இருப்பதற்கு எந்த நியாயமும் இல்லை.

இந்தியாவில் டால்பினும் திமிங்கிலமும் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலியோடு ஒரே வரிசையில் இருக்கின்றன. அந்தச் சட்டம் 'வேட்டை' என்று சொல்வதில் கொல்வது மட்டுமல்ல, விரட்டுவதும் இரை காட்டி இழுப்பதும் அடங்கும். முதல் அட்டவணை விலங்கு என்றால் தண்டனை 3 ஆண்டு முதல் 7 ஆண்டுச் சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம். சுமார் 150 ஐராவதி டால்பின்கள் வாழும் ஒடிசாவின் சிலிகா ஏரியில் படகு விசிறி பட்டுச் செத்தவையும் உண்டு. "இன்னும் கிட்டப் போங்க" என்று பயணி கொடுக்கும் நெருக்கடியும் அந்த விசிறியைச் சுழற்றுகிறது என்பதை மறைக்க முடியாது.

சரி, படகுத்துறையில் என்ன பார்ப்பது? படகின் பதிவு எண்ணும், இத்தனை பேர்தான் ஏறலாம் என்ற எண்ணிக்கையும் கண்ணில் படும்படி எழுதியிருக்க வேண்டும். ஏறியவர்களை எண்ணிப் பாருங்கள், மடியில் இருக்கும் குழந்தையும் ஓர் ஆள்தான். ஜாக்கெட்டை உட்கார்ந்த இடத்துக்கு அடியில் வைக்காமல், கொக்கி மாட்டி, இழுத்தால் கழன்று மேலே வராத அளவுக்கு இறுக்கிப் போட வேண்டும். புடவை, துப்பட்டா மேல் இறுக்கிப் போடுவது சங்கடமாக இருக்கும், இருந்தாலும் போடத்தான் வேண்டும். குழந்தைக்குப் பெரியவர் ஜாக்கெட் போட்டால் தண்ணீரில் தலைவழியே கழன்றுபோகும். கர்ப்பிணிகளும் முதுகுவலிக்காரர்களும் வேகப்படகைத் தவிர்ப்பது நல்லது. அலையில் அது தூக்கிப் போடும்போது முதுகெலும்பு தாங்காது. மாலை மங்கிய பிறகு "கடைசி டிரிப்" என்று கூப்பிட்டால் போகவே வேண்டாம். டிக்கெட் கொடுக்காமல் காசு மட்டும் வாங்கும் படகிலும் ஏற வேண்டாம். பில் தராததே நுகர்வோர் சட்டப்படி முறையற்ற வணிகம், பின்னால் வழக்குக்கு ஆதாரமும் இருக்காது.

அதிகம் பேர் ஏறிவிட்டார்கள் என்றால் இறங்கிக்கொண்டு பணத்தைக் கேட்கலாம். விபத்து நடக்கும்வரை சட்டம் கையைக் கட்டிக்கொண்டு இருப்பதில்லை. உயிருக்கு ஆபத்தாகும் நிலையிலுள்ள படகிலோ, அளவுக்கு மீறி ஏற்றிய படகிலோ கூலிக்கு ஆள் கொண்டுபோவதே பாரதிய நியாய சன்ஹிதாவின் 284-ஆம் பிரிவில் குற்றம். 6 மாதம்வரை சிறை அல்லது 5,000 ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். கரையிலிருந்தே 112-க்குப் பேசலாம். தமிழ்நாட்டுக் கடலோரம் என்றால் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093, நடுக்கடல் ஆபத்துக்குக் கடலோரக் காவல்படையின் 1554. இலங்கையில் சுற்றுலாப் போலீஸ் 1912. ஏரி, ஆறு, உப்பங்கழிப் படகுகளுக்கு 2021-ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கலன்கள் சட்டம் பதிவு, தகுதிச் சான்று, காப்பீடு மூன்றையும் கேட்கிறது. பூலாம்பட்டியில் ஏறும்போதும் இதைக் கேட்க உரிமை உண்டு.

நஷ்டமோ காயமோ ஏற்பட்டால் வழக்குப் போட கோவாவுக்கு அலைய வேண்டியதில்லை. பலருக்கும் தெரியாத நல்ல செய்தி இது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், புகார்தாரர் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குத் தொடுக்க வழிவிடுகிறது. குமாரபாளையத்துக்காரர் நாமக்கல் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால் போதும். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்வரை என்றால் கட்டணமே இல்லை, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. சம்பவம் நடந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்தால் சில தகராறுகள் அங்கேயே தீர்ந்துவிடும். 'விபத்துக்கு நிர்வாகம் பொறுப்பல்ல' என்று டிக்கெட்டின் பின்னால் அச்சடித்திருப்பதைப் பார்த்துப் பின்வாங்க வேண்டாம். அந்த ஒரு வரியால் மட்டும் குறைபாடான சேவைக்கான பொறுப்பு நீங்கிவிடாது.

இலங்கையில் நடந்தால்? உள்ளூர் டூர் ஏஜென்ட் மொத்தப் பணத்தையும் வாங்கிப் படகையும் சேர்த்தே ஏற்பாடு செய்திருந்தால், இங்கே அவரிடமே கேட்கலாம். அதனால் கிளம்புமுன் வாங்கும் ரசீதில் 'படகுச் சவாரி உட்பட' என்று எழுதி வாங்குங்கள். பயணக் காப்பீடு எடுக்கும்போது படகுச் சவாரிக்கும் அது பொருந்துமா என்று பாலிசியில் தேடிப் பாருங்கள். டிக்கெட், பணம் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி, படகின் பதிவு எண் தெரியும் ஒரு படம், கூட்டத்தைக் காட்டும் ஒரு வீடியோ, சிகிச்சை எடுத்திருந்தால் மருத்துவமனைச் சீட்டு ஆகியவற்றைப் பத்திரப்படுத்த வேண்டும். டால்பினைத் துரத்தும் காட்சி அந்த வீடியோவில் இருந்தால் அதை அந்த மாநில வனத்துறைக்கும் எழுத்துப் புகாரோடு அனுப்புங்கள். படகின் உரிமத்தில் கை வைக்கும் அதிகாரம் நாமக்கல் நுகர்வோர் ஆணையத்துக்கு இல்லை. அதற்கு அந்தக் கரையின் துறைமுக அதிகாரிகளுக்கும் ஒரு நகல் போக வேண்டும். தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் மாநிலக் கடல்சார் வாரியங்கள், கோவாவில் துறைமுகக் கேப்டன் அலுவலகம்.