பரங்கிமலைக்கு ஒரு திருப்பயணம்



திருப்பெரும்புதூர், ஒரகடம் பகுதியில் வாழும் நம்மில் பலருக்கு, ஷிப்ட் அட்டவணைதான் வாரத்தைத் தீர்மானிக்கிறது. கணவர் இரவுப்பணி முடிந்து வீடு திரும்பும்போது, மனைவி காலைப்பணிக்குக் கம்பெனி பேருந்தில் ஏறியிருப்பார். இருவருக்கும் ஒரே நாளில் விடுப்பு கிடைத்துவிட்டால், பிள்ளைகளோடு எங்காவது சென்றுவர மனம் விரும்புகிறது. அந்த நாளில் ஒரு திருத்தலத்திற்குச் செல்வது நல்லதே. அப்பயணம் வெறும் சுற்றுலாவாக முடியாமல், திருப்பயணமாக அமைய என்ன தேவை என்று இன்று சிந்திப்போம்.

நம் செங்கல்பட்டு மறைமாவட்டத்திலேயே பரங்கிமலை உள்ளது. ஒரகடத்திலிருந்து வண்டலூர் சென்று, ஜி.எஸ்.டி. சாலையில் தாம்பரம், பல்லாவரம் கடந்தால், அக்குன்றை அடையலாம். திருத்தூதர் தோமா மறைசாட்சியாக உயிர்துறந்த இடம் என்று மரபு அதைப் போற்றுகிறது. போர்த்துக்கீசியர் 1523ம் ஆண்டு அன்னை மரியாவுக்கு அங்கு கோவில் எழுப்பினர். 1547ம் ஆண்டு, நிலத்தைத் தோண்டியபோது கிடைத்த கற்சிலுவை, அக்கோவிலின் பீடத்தில் இன்றும் உள்ளது. திருத்தந்தை புனித 2ம் ஜான் பால் அவர்கள், 1986ம் ஆண்டு பிப்ரவரி 5ம் தேதி, இம்மலைக்கு வந்து செபித்தார்.

இந்தத் தோமாவின் வாழ்வில் நடந்த ஒன்று, நமக்கு மிகவும் நெருக்கமானது. உயிர்த்த ஆண்டவர், வாரத்தின் முதல் நாள் மாலையில் சீடர்களிடம் வந்தபோது, தோமா அங்கு இல்லை. ஏன் இல்லை என்று யோவான் நற்செய்தி சொல்லவில்லை. அடுத்த வாரம் தோமா மற்றவர்களோடு இருந்தபோது, இயேசு மீண்டும் வந்தார். வராமல் போனவரை அவர் ஒதுக்கவில்லை. சீடர்கள் கூடியிருந்த அதே இடத்தில், அவருக்காகவே மீண்டும் வந்து, தம் காயங்களைக் காட்டினார்.

பணியின் காரணமாக ஞாயிறு திருப்பலிக்கு வர இயலாமல், 'கோவிலுக்கும் நமக்கும் தூரமாகிவிட்டது' என்று மனம் சோர்ந்திருப்போருக்கு, இது ஆறுதலான செய்தி. தவிர்க்க இயலாத காரணத்தால் வர முடியாமல் போனதை, திருஅவை குற்றமாகக் கருதுவதில்லை. சனிக்கிழமை மாலைத் திருப்பலியில் பங்கேற்றாலும் ஞாயிறு கடன் நிறைவேறும் என்று, திருஅவைச் சட்டம் 1248 கூறுகிறது. ஆகவே, நாம் திரும்பி வருவதற்கான கதவு திறந்தே இருக்கிறது.

திருத்தலங்களில் இறைவார்த்தை, திருப்பலி, ஒப்புரவு அருளடையாளம் ஆகியவை மக்களுக்கு நிறைவாகக் கிடைக்கவேண்டும் என்று, சட்டம் 1234 கேட்கிறது. எனவே, மெழுகுதிரி ஏற்றி, செல்ஃபி எடுத்துக்கொண்டு திரும்பிவிடாமல், திருப்பலி நேரத்தையும், ஒப்புரவுக்கு அருள்பணியாளர் இருக்கும் நேரத்தையும் முன்னதாகவே கேட்டறிந்து புறப்படுவோம். இரவுப்பணி முடித்தவர் உறங்காமல் வண்டி ஓட்டவேண்டாம். கன்டெய்னர் லாரிகள் ஓயாமல் ஓடும் சாலைகள் நம்முடையவை. நன்கு உறங்கி எழுந்து, மாலைத் திருப்பலிக்குச் சென்றால் பக்தி குறைந்துவிடாது. குடும்பத்தைப் பத்திரமாக வீடு சேர்ப்பதும் இறைவன் நம்மிடம் ஒப்படைத்த கடமையே.

மலையடிவாரத்தில் இன்னொருவரையும் நினைவுகூர்வோம். வணிகத்திற்காகச் சென்னைக்கு வந்த ஆர்மேனியர், கோஜா பெத்ருஸ் உஸ்கான். 1726ம் ஆண்டு, சைதாப்பேட்டையில் அடையாற்றின் மீது பாலம் கட்டியவர் அவர். பரங்கிமலைக்கு ஏறும் படிகளும் அவர் அமைத்தவையே. வேற்றுநாட்டிலிருந்து வந்தவர், தாம் ஈட்டியதைக் கொண்டு, பிறர் இறைவனிடம் ஏறிச்செல்ல வழி செய்தார்.

நம் பங்கின் எல்லைக்குள்ளும், ஜார்க்கண்ட், ஒடிசா மாநிலங்களிலிருந்து வேலைக்கு வந்து, விடுதிகளிலும் வாடகை அறைகளிலும் தங்கியிருக்கும் கத்தோலிக்க இளையோர் இருக்கின்றனர். மொழி தெரியாததால், கோவிலின் கடைசி வரிசையில் நின்று, யாரோடும் பேசாமல் திரும்புகின்றனர். அடுத்த முறை பரங்கிமலைக்குப் புறப்படும்போது, வண்டியில் ஓர் இருக்கையை அவர்களில் ஒருவருக்கு ஒதுக்குவோம். தனியே வாழ்பவரை நம்மோடு சேர்த்துக்கொண்டு அந்தப் படிகளில் ஏறும்போது, நம் விடுமுறை நாள் திருப்பயணமாக மாறும். தோமாவுக்குத் தம்மைக் காட்டிய ஆண்டவர், அவ்வாறு கூடிவரும் நம் நடுவிலும் நிற்பார்.